நிழல் பக்கத்து மிதவை

மனித குலம் தன் அன்றாட அலுவல்களைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுக் காதுகொடுக்க வேண்டிய செய்தி இது: இஞ்சின் ஆயில் ஆலையின் நெருக்கடிக்கால மீட்புப் படைத் தலைவரும், 'வருமுன் காப்போர்' கேடயத்தை வேறு யார் கைக்கும் போகவிடாதவரும், வாய்க்காலின் இரு கரைகளுக்கும் தன்னைத்தானே காவல் தெய்வமாக நியமித்துக்கொண்டவருமான பாதுகாப்பு அதிகாரி அவர்கள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தம் பணிவாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு நிஜமான விபத்தைச் சந்தித்தார்.

அதுவரை அவர் சந்தித்ததெல்லாம் ஒத்திகைகள். ஆலையில் அவருக்குப் பெயரே ஒத்திகையார் என்றாகிவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு பக்கவாட்டில் நின்று சொன்னார்கள். கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து "ஒத்திகையார் பேசறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். ஊர் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட்டால் பாதி மானம் மிஞ்சும் என்பது அவர் கட்சி. மீதிப் பாதியைக் கேடயங்கள் பார்த்துக்கொண்டன.

ஆலையில் எண்ணெய் கொட்டினால் அது மழைநீர் வடிகால் வழியாக வாய்க்காலில் இறங்கும். அதைத் தடுக்க ஒரு மிதவை வேலி வாங்கி வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறம், காற்றடைத்த தலையணைகளை நீளமாகக் கோத்ததுபோல் இருக்கும், தண்ணீருக்குள் ஒரு பாவாடை தொங்கும். வாய்க்காலுக்குக் குறுக்கே கரைக்குக் கரை கட்டிவிட்டால், மிதந்துவரும் எண்ணெய் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். படையினர் அதை மலைப்பாம்பு என்று அழைத்தார்கள்.

முதல் ஒத்திகையில் மலைப்பாம்பை முறைப்படி வடிகால் வாய்க்குக் கீழேதான் கட்டினார்கள். ஆனால் அங்கே பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. தலைமை விருந்தினர் கண்ணில் வெயில். புகைப்படத்தில் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஏதோ பழைய பகையைத் தீர்க்க வந்தவர்கள்போல விழுந்திருந்தார்கள். மறுவருடம் ஒத்திகையார் ஒரு சிறு திருத்தம் செய்தார். தண்ணீர் வரும் திசையில் இருந்த பாலத்துக்கும் வடிகால் வாய்க்கும் நடுவே பெரிய மரங்களின் நிழலில் பந்தல் போட்டு, அதற்கு நேர் எதிரே மலைப்பாம்பைக் கட்டினார். விருந்தினர் பாலத்தில் நின்று எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கூடை சோளப்பொரியைத் தண்ணீரில் கொட்டுவார். அது ஆடி அசைந்து வந்து மலைப்பாம்பில் முட்டி நிற்கும். கைதட்டல், கேடயம், குழுப்படம்.

நிஜ எண்ணெய் பாலத்திலிருந்து வராது, பந்தலுக்கும் கீழே இருக்கிற வடிகாலிலிருந்துதான் வரும் என்ற விவரம் யார் மனத்தையும் உறுத்தவில்லை. ஒத்திகையார் மனத்தை மட்டும் ஒருமுறை லேசாக உறுத்தியது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்துவிட்டார்.

வாய்க்காலில் இரண்டு வளைவு தாண்டிக் கீழே, அவருடைய அக்கா வலைக்கூண்டுகளில் மீன் வளர்த்தாள். அத்தான் ஆரம்பித்த செல்போன் கடை, தண்ணீர் கேன், காளான் என்று ஒவ்வொன்றாகப் படுத்துவிட்ட பிறகு, அக்கா குடும்பம் ஒத்திகையாரின் மாடிக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாதத்துக்குத்தான் என்றார்கள். எந்த மாதம் என்று சொல்லவில்லை. வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. அத்தானோ குளிக்கப் போனால் தவத்துக்குப் போன மாதிரி.

மீன் யோசனையைக் கொடுத்தவரே ஒத்திகையார்தான். "தைரியமா எறங்குக்கா. வாய்க்கா தண்ணிக்கு நான் பொறுப்பு" என்று மார்தட்டினார். மீனும் வளர்ந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போவதாகப் பேச்சு. அந்தப் பணம் கைக்கு வந்ததும் அக்கா பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டுக்கு முன்பணம். அந்த வீட்டு ஜன்னல்களை அளந்து வந்து, திரைச்சீலைகூடத் தைத்து மடித்து வைத்துவிட்டாள்.

"உங்க அக்கா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க" என்பாள் மனைவி. "தங்கமானவங்க. ஆனா தங்கத்த லாக்கர்ல வெச்சா ஆகாதா? நம்ம மாடியிலேயேதான் வெக்கணுமா?"

ஆக, அந்த மீன்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அக்காவுக்கு வீடு இல்லை. ஒத்திகையாருக்குக் குளியலறை இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பாய்லர்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், பாய்லருக்குப் போற எண்ணெய்க் குழாய் ஒடைஞ்சிருச்சு. வால்வ அடைச்சிட்டேன். ஆனா அதுக்குள்ள நெறைய வடிகால்ல எறங்கிருச்சு."

"ஒத்திகை அடுத்த மாசம்தானேப்பா?"

"எனக்கும் அதே சந்தேகம்தான் சார். ஆனா செருப்பு தரையோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது."

ஒத்திகையார் சங்கை அழுத்தினார். ஆலை முழுக்கத் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தது. உணவகச் சமையல்காரர் ஓடிவந்து, "பொரி வறுக்கட்டுமா சார்?" என்றார். ஃபிட்டர், வாயிற்காவலர், கிரேன் ஓட்டுநர் எல்லோரும் அவரவர் தலைக்கவசத்தோடு மலைப்பாம்பைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். கயிறு, கொக்கி, முடிச்சு, இழு! எந்த வருடமும் இல்லாத வேகம். ஒத்திகையாருக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. எத்தனை வருட உழைப்பு! இவர்கள் கை தானாகப் போகிறது, கால் தானாகப் போகிறது, மூளையை அழைக்கவே தேவையில்லை.

ஃபிட்டர் சல்யூட் அடித்தார். "வேலி ரெடி சார்!"

ஒத்திகையார் பதில் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். அப்போதுதான் நாற்றம் அடித்தது. முதுகுப் பக்கமிருந்து அடித்தது.

திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், வடிகால் வாயிலிருந்து இறங்கிய எண்ணெய் கன்னங்கரேலென்று வாய்க்காலை மூடிக்கொண்டு, துரத்த ஆளில்லை என்று தெரிந்தவன் நடையில் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால், மலைப்பாம்பின் அணைப்பில் தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது. அதில் கொஞ்சம் சருகும், ஒற்றைச் செருப்பும், மரியாதை தெரிந்த ஒரு வாத்தும் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தன.

"ஃபிட்டர், வேலிய எங்கப்பா கட்டியிருக்கோம்?"

"எப்பவும் கட்ற எடத்துலதான் சார். நெழல் பக்கம்."

"எண்ணெய் எங்க இருக்கு?"

ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். சல்யூட் அடித்த கை மெல்லக் கீழே இறங்கியது. "அது... வெயில் பக்கம் சார்."

அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கு முதுகைக் காட்டி அணை கட்டுகிற ஒரு ஜன்மம் பிறக்கும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை போலும் என்று ஒத்திகையார் நினைத்துக்கொண்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"சொல்லுடா" என்றாள் அக்கா. "இந்த வருஷம் நான் அழணுமா, மயங்கி விழணுமா?"

வருடா வருடம் ஒத்திகையில் 'பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' அவள்தான்.

"அக்கா, இது ஒத்திகை இல்லக்கா!"

"அந்த வசனம் போன வருஷமே வந்துருச்சு. தத்ரூபமா இருக்கணும்னு நீயேதான எழுதின?"

"சத்தியமாக்கா! எண்ணெய் வருது! கூண்ட எல்லாம் கரையோரமா இழுத்துரு!"

"இழுத்தா மீன் மெரளும்டா. போன தடவ உன் பேச்சக் கேட்டு இழுத்து எத்தன மீன் மல்லாந்துச்சு! வர ஞாயித்துக்கெழம வியாபாரி வரான். ஒரு மீன் மேல ஒரு கீறல் விழுந்தா உன்ன உண்டு இல்லன்னு பண்ணிருவேன். போனை வைடா."

வைத்துவிட்டாள். 'புலி வருது, புலி வருது' என்று கத்தியவன் கதையை எல்லோரும் அறிவார்கள். அவன்கூடக் கத்தினதோடு சரி, அதை வசனமாக எழுதி நகல் எடுத்து ஊருக்கு விநியோகித்ததில்லை.

அதற்குள் மேலாளர், சுற்றுச்சூழல் அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரி வேறு ஏதோ கூட்டத்துக்காக ஆலைக்கு வந்திருந்தவர், சங்குச் சத்தம் கேட்டுக் கிளம்பியிருக்கிறார். கனத்த உடம்பு, கையில் கைக்குட்டை. கால் தானாக நிழல் பக்கம் வந்து நின்றது. மலைப்பாம்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார்.

"அடடா! ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லையே!"

"இல்லவே இல்ல சார்" என்றார் மேலாளர். அது சத்தியமான வார்த்தை.

"லேசா நாத்தம் மட்டும் வருதே?"

"இஞ்சின் ஆயில் ஆலை சார். பின்ன மல்லிகையா மணக்கும்?"

அதிகாரி சிரித்தார். ஒத்திகையாரின் தோளைத் தட்டினார். "இதுதான் சார் பயிற்சிங்கறது. இந்த வருஷம் துறை விருதுக்கு உங்க பேரத்தான் எழுதப் போறேன்."

மேலாளர் ஒத்திகையாரின் காதருகே குனிந்தார். "வாயத் தொறந்துடாதீங்க. அவருக்கு பிரஷர், சர்க்கரை எல்லாம் இருக்கு, வெயில்ல எறங்கமாட்டாரு. டீ குடிச்சிட்டுக் கெளம்பிடுவாரு. பிஸ்கட் வாங்க வண்டியே போயிருக்கு."

ஒத்திகையார் வாயைத் திறக்கவில்லை. துறை விருதை எந்த அலமாரியில் வைப்பது என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டார். எண்ணெயோ முதல் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிமிடத்தில் அவருக்குள் வீரம் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கியது வீரமல்ல, அத்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி, ஆயுள் முழுக்கத் தன் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகும் அத்தான். அத்தானுக்குப் பின்னால், இல்லாத வீட்டின் ஜன்னலுக்குத் தைத்த திரைச்சீலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. அவள் அழுவதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சும்மா மடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

"சார், மன்னிக்கணும்" என்றார் ஒத்திகையார். "வேலி தப்பான எடத்துல இருக்கு. எண்ணெய் அந்தப் பக்கமாப் போயிட்டிருக்கு."

அதிகாரியின் கைக்குட்டை நெற்றியிலேயே நின்றது. "யார் கட்டினது இத?"

"நான்தான் சார். வருஷா வருஷம்."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். ஒத்திகையார் படையைப் பார்த்து, எந்த ஒத்திகையிலும் எழுதப்படாத கட்டளையை இட்டார்: "அவுருங்கப்பா!"

எண்ணெய் முந்திக்கொண்டு போய்விட்டதால் தண்ணீர் வழியே வேலியை இழுத்துப் பயனில்லை. தரைவழியாக ஓடி, எண்ணெய்க்கு முன்னால் போய்க் கட்ட வேண்டும். வண்டி பிஸ்கட் வாங்கப் போயிருந்தது. எனவே மலைப்பாம்பு தோள்களில் ஏறியது. முன்னால் ஒத்திகையார், நடுவில் ஃபிட்டரும் ஓட்டுநரும் சமையல்காரரும், வால் பக்கம் வாயிற்காவலர். நீர் சொட்டச் சொட்ட, கரையோரக் கடைத்தெரு வழியே ஓட்டம்.

முடிதிருத்துபவர் கையில் கத்தியோடும், பாதிச் சவரத்தில் ஒரு வாடிக்கையாளரோடும் வாசலுக்கு வந்தார். "என்ன ஒத்திகையாரே, இந்த வருஷம் ஊர்வலமும் உண்டா?"

"நெஜம்யா! எண்ணெய் வருது!"

"பிரமாதம்! மொகத்துல அந்த பயம் இருக்கு பாருங்க, போன வருஷம் இது இல்ல" என்று பாதிச் சவரம் பாராட்டியது.

தையல்காரர் கைதட்டினார். சைக்கிள் கடைக்காரர் விசில் அடித்தார். வால் பக்கத்து வாயிற்காவலர், பழக்க தோஷம், எல்லோரையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டே ஓடினார். கைதட்டலுக்காகவே வாழ்ந்த மனிதர் ஒத்திகையார். கடைத்தெரு முழுக்க நீண்ட அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் அன்று அவருக்குக் கன்னத்தில் விழுந்தது.

இரண்டாம் வளைவில், கூண்டுகளுக்குச் சற்று மேலே, போய்ச் சேர்ந்தபோது எண்ணெய் இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா தீவன வாளியோடு கரையில் நின்றாள்.

"என்னடா இது, வீட்டுக்கே வந்து நடிக்க ஆரம்பிச்சிட்ட?" என்று ஆரம்பித்தவள், தம்பியின் தோளுக்கு மேலே பார்த்தாள். வளைவைச் சுற்றிக் கறுப்பு நுனி எட்டிப் பார்த்தது. வாளி கை நழுவி உருண்டது.

"அடப்பாவி! நெஜமாவே விட்டுட்டியேடா!"

அத்தானின் சிறு படகில் ஃபிட்டர் அக்கரைக்குப் போய் ஒரு முனையை மரத்தில் கட்டினார். இக்கரையில் மரமில்லை, கம்பம் இல்லை. நிழல் பக்கத்தில் சிமெண்டு போட்டுக் கொக்கி பதித்து வைத்திருந்தார்கள். இங்கே புல்தான் முளைத்திருந்தது. ஒத்திகையார் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தண்ணீரில் இறங்கிக் காலை ஊன்றி, தானே கம்பமானார். ஃபிட்டர் உதவிக்கு வந்தபோது, "நீ போய் உறிஞ்சற லாரிய வரச்சொல்லு. கம்பத்துக்குத் தனியா மூளை வேண்டியதில்ல, நானே போதும்" என்று அனுப்பிவிட்டார்.

எண்ணெய் வந்தது. மார்வரைக்கும் வந்து மோதியது, சட்டைக்குள் புகுந்தது, மீசையில் ஏறியது. மலைப்பாம்பு வளைந்து விம்மியது. கயிறு இடுப்பை அறுத்தது. கரையில் அக்கா, அவர் சின்ன வயதில் பானையை உடைத்ததில் தொடங்கி ஒவ்வொரு குற்றமாக எடுத்துத் துவைத்தாள்.

"மாப்ளே, கால நல்லா ஊணி நில்லுங்க" என்று அத்தான் குடைக்கடியிலிருந்து ஆலோசனை சொன்னார்.

லாரி வந்து உறிஞ்சி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நடுவில் ஒருமுறை அக்காவின் வசவு நின்றது. புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தாள். டீ டம்ளரை அவர் வாயருகே பிடித்தாள்.

"குடி. ரெண்டு கையும் கயித்துலயே இருக்கட்டும்."

அவர் குடித்தார். டீயில் பாதி எண்ணெய். மூக்கும் கண்ணும் எரிந்தன. எரிச்சல் எதனால் என்று அவர் ஆராயவில்லை.

வேலிக்கு மேலே வாய்க்கால் தார்ச்சாலைபோல் கிடந்தது. வேலிக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில், கூண்டுகளில் மீன்கள் துள்ளின. ஒன்றுகூட மல்லாந்து மிதக்கவில்லை. அதிகாரியே வெயிலில் குடைபிடித்து வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒத்திகையாருக்குத் தன்மேல் முதன்முறையாக நிஜமான மரியாதை வந்தது. புதிதாக வந்த மரியாதை, எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பத்திரிகைக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். அடக்கமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் ஒலிவாங்கியைப் பார்த்ததும் வாய், இத்தனை வருடப் பயிற்சியின்படி, தானாகப் போயிற்று. "இந்த மீன்கள் இந்த வாய்க்காலின் செல்வங்கள்! இவற்றின் மீது ஒரு துளி பட வேண்டுமென்றால், முதலில் என் மீது பட வேண்டும்!"

"சூப்பர் சார். ஒரு மீனக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்களேன்."

நின்றார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. பல் மட்டும் வெள்ளை. கறுத்த இரண்டு கைகளுக்கு நடுவே, விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் தடத்தோடு, வாயைப் பிளந்தபடி ஒரு மீன்.

"எடம், அடையாளம் எல்லாம் தெளிவாப் போடும்மா" என்றாள் அக்கா, அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. "ஞாயித்துக்கெழம விக்கப் போற மீனுன்னும் போடு."

போட்டாள். முதல் பக்கம், முக்கால் பக்க அளவு. 'எண்ணெய்க் கடலில் மீன் காத்த மாவீரர்!' படம் கைபேசிகளில் ஏறியது. டீக்கடைச் சுவர்களில் ஒட்டினார்கள். மீன் சந்தை வாசலிலேயே பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அத்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து காணாத ஒரு பார்வையை மனைவி பார்த்தாள்.

"மொகம் தெரியலைங்க. ஆனா நின்ன விதத்துலயே நீங்கதான்னு தெரியுது."

சனிக்கிழமை அக்கா பெட்டி கட்டினாள். மனைவி, யாரும் கேட்காமலேயே, கயிறும் கத்தரியும் கொண்டுவந்து உதவினாள். அவ்வளவு அன்பாக அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு அந்த வீடு பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரி வண்டி நிறையப் பனிக்கட்டியோடு வந்தார். இறங்கியதும் மீனைப் பார்க்கவில்லை, ஒத்திகையாரைப் பார்த்தார்.

"சார்! நீங்கதானா அது?" என்று இரண்டு கையாலும் கைகுலுக்கினார். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் உங்கள் படத்தைப் பார்க்காத ஆளே கிடையாது என்றார். அதற்குப் பிறகுதான் கூண்டுகளைக் குனிந்து பார்த்தார். வெயிலில் மீன்கள் வெள்ளியாய் மின்னின.

"மீனெல்லாம் அருமையா வந்திருக்கும்மா."

"எடை போட்டுரலாமாண்ணே?" என்றாள் அக்கா.

வியாபாரி கைபேசியிலிருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தார். கறுத்த கைகள், நடுவில் மீன், கீழே இடமும் அடையாளமும் தெளிவாக.

"இதப் பார்த்தவன் எவன்மா இந்த வாய்க்கா மீன வாங்குவான்?" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். வண்டியைத் திருப்பிக்கொண்டு, பனிக்கட்டி உருகுவதற்குள் போய்விட்டார்.

ஒரு மீன்கூட விற்கவில்லை.